ஒரு நாள் முந்தி வந்த பார்வையாளர்

என் வயதுக்காரர்கள் பயணக் கட்டுரை எழுதினால் அதில் கப்பல் வரும், பனி வரும், மொழி தெரியாத ஊரில் தயிர்சாதம் தேடி அலைந்த கதை வரும். நான் கடல் தாண்டியதில்லை. காவிரி வாய்க்காலில் காலை நனைத்து வளர்ந்த எனக்கு வெளிநாடு என்று வாய்த்தது கோவில்பட்டிச் சீமைதான். தண்ணீர் அரிது, நிழல் அரிது, மண் கறுப்பு, தமிழ் வேறு. கடவுச்சீட்டு ஒன்றைத்தான் கேட்கவில்லை.

போனதும் ஊர் சுற்ற அல்ல. எழுபதுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது சப்ஜெயில்களைப் பார்வையிடும் வெளியாள் என்று சர்க்கார் என்னை நியமித்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பூட்டியவர்களிடமே கேட்டால் உருப்படியான பதில் வராது. ஆகையால் போலீஸும் அல்லாத, சம்பளமும் வாங்காத ஒருவர் எந்த நேரத்திலும் உள்ளே போகலாம். எந்தக் கைதியையும் தனியாகப் பார்த்துப் பேசலாம். எப்போது வருவார் என்று தெரியாத ஒருவர் இருக்கிறார் என்றால் ஓங்கிய கை கொஞ்சம் யோசிக்கும். விதியை எழுதியவர் விவரமான ஆள். அதற்கு ஆள் பிடித்தவர் என்னைப் பிடித்துவிட்டார்.

நான் ஒழுங்காக வளர்க்கப்பட்டவன். ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முன்கூட்டி எழுதிப் போட்டுவிட்டுத்தான் போவோம். திடுதிப்பென்று போய் நின்றால் அந்த வீட்டுப் பெண்கள் என்ன பாடுபடுவார்கள்? சிறைக்கும் அதே மரியாதையைக் கொடுத்தேன். "இன்ன தேதியில் பார்வையிட வருகிறேன், சிரமம் வேண்டாம்" என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிடுவேன். அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். நான் பார்த்த சிறைகள் எல்லாமே அன்று காலைதான் சுண்ணாம்பு அடித்தவை. கைதிகள் குளித்திருப்பார்கள். சாம்பாரில் முருங்கைக்காய் கிடக்கும். உணவை ருசி பார்ப்பதும் பார்வையாளரின் கடமை என்பதால் கடமையை இரண்டு கரண்டி கூடுதலாகவே செய்வேன்.

அந்த முறை முதல் நாளைக் கோவில்பட்டியில் கழித்தேன். விடுதிக்காரர் ஒரு வாளித் தண்ணீரை அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

"குளிக்கவா, குடிக்கவா?" என்று கேட்டேன்.

"அது உங்க பிரியம் அண்ணாச்சி. வாளி ஒண்ணுதான்."

எங்கள் ஊரில் மாட்டைக் குளிப்பாட்ட இதைவிட அதிகம் செலவாகும் என்றேன். "அப்ப மாட்ட இங்கன கூட்டியாராதீய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் முழுக்கத் தீப்பெட்டி வேலை. வீட்டு வாசல்களில் பெண்கள் பேசிக்கொண்டே பெட்டி ஒட்டினார்கள். கையைப் பார்ப்பதே இல்லை. கடைவீதியில் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன். இவ்வளவு காய்ந்த மண்ணிலிருந்து இப்படி ஒரு இனிப்பை எடுக்கிறார்களே என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பயணக் கட்டுரைக்கு உதவும் என்று அப்போதே எண்ணம்.

என் கார்டில் சொல்லியிருந்த தேதிக்கு நடுவே இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. சரித்திர ஆசிரியன் எட்டயபுரம் அரண்மனையைப் பார்க்காமல் போனால் பிழை என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன். வானம் கறுத்திருந்தது. பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் சன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன் இருக்கையில் ஒரு பெரியவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எனக்காக மொழிபெயர்த்தார்: "வருசம் பூரா கூப்பிட்டோம், வரல. இன்னைக்கு நம்மளே பஸ் ஏறி ஓடுதோம், வெரட்டிக்கிட்டு வருதுங்காரு."

எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கியதில் பஸ்ஸின் ஒரு பக்கச் சக்கரங்கள் கரிசலில் இறங்கின. டிரைவர் வேகம் கொடுக்கக் கொடுக்கச் சக்கரம் மண்ணைத் தின்றுகொண்டு உள்ளே போயிற்று. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பதுபோல் எல்லோரையும் அழைத்தார்.

"எறங்குங்க, எறங்குங்க. இது இனி காஞ்சாத்தான் வரும். பக்கத்து ஊருக்கு நடையக் கட்டுங்க."

அந்தப் பக்கத்து ஊர்தான் நான் மறுநாள் போகவேண்டிய சப்ஜெயில் இருந்த ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்களில் பலர் நல்லவர்கள்.

நனைந்த கரிசலில் நடப்பதை எங்கள் ஊர் வண்டலில் நடப்பதோடு ஒப்பிட முடியாது. வண்டல் வழுக்கும், விழுவோம், எழுந்துவிடுவோம். கரிசல் விடாது. பத்து எட்டு வைத்ததும் இரண்டு செருப்பும் இரண்டு அம்மிக்கல் ஆகிவிட்டன. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் வெறுங்காலில் சரசரவென்று போய்விட்டார்கள். நான் மட்டும் ஒரு காலைப் பிடுங்கி மறுகாலை இழந்துகொண்டு நின்றேன்.

"செருப்பக் கையில எடுங்கய்யா. அத ஏன் சொமந்துகிட்டு நடக்கீய?"

முப்பது வயதிருக்கும் ஒரு பெண். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். கையில் தூக்குவாளி. வரப்பில் கிடந்த ஒரு பருத்திக் குச்சியை எடுத்து, காலில் அப்பியதைச் சுரண்டிக்கொள்ளச் சொன்னாள். சுரண்டிய இடத்தில் அடுத்த எட்டில் புது மண் வந்து ஒட்டியது. அவள் எனக்காக மெதுவாக நடந்தாள். அவள் பெயர் மரியபுஷ்பம் என்றும், பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம் என்றும், தம்பி சூசைக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்றும் தெரிந்துகொண்டேன்.

"தம்பி அங்கே என்ன வேலை பார்க்கிறான்?"

"வேல என்ன வேல. சப்ஜெயிலுல கெடக்கான்."

சூசை ஒரு பருத்திக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், மூட்டை தூக்குகிறவன். பொதி சில காணாமல் போயிருக்கிறது. சாவி முதலாளியிடம், கணக்கு கணக்குப்பிள்ளையிடம், பழி மூட்டை தூக்குகிறவனிடம். ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் ஆட்கள் பகலில் வந்து சிறையின் பின்கட்டில் வைத்து விசாரிக்கிறார்கள் என்றாள்.

ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தோம். எனக்குக் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. அவள் தூக்குவாளியைத் திறந்தாள். குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது உன் தம்பிக்கு அல்லவா?"

"அவனுக்குப் பூராத்தையுமா விடுதாவ? பாதி ஏட்டையா வகுத்துக்குத்தான் போகும். அதுக்கு நீங்க திங்கது மேலு."

ஏட்டையாவின் பங்கைத்தான் தின்கிறேன் என்ற நிம்மதியோடு தின்றேன். குதிரைவாலிச் சோற்றை அன்றுதான் முதலில் ருசித்தேன். நெல்லுச் சோறுபோல் குழையாமல் உதிரி உதிரியாக நின்று குழம்பை வாங்கிக்கொள்கிறது. காவிரிக்கரைக்காரன் வாய்விட்டுப் பாராட்டினேன். வயிறு நிறைந்ததும் பெருமை வந்தது. நான் யார் என்று சொன்னேன்.

"பார்வையாளருன்னா?"

"உள்ளே போய்ப் பார்ப்பேன். கைதிகளிடம் குறை கேட்பேன். யாரும் தடுக்க முடியாது. சர்க்கார் உத்தரவு."

"கொற கேக்கையில ஏட்டையா எங்கன நிப்பாரு?"

"பக்கத்தில்தான். பாதுகாப்புக்காக."

"யாருக்குப் பாதுகாப்பு?"

நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சட்டத்தில் அதற்குப் பதில் இருந்தது: தனியாகவே பார்க்கலாம். நான் ஒருமுறைகூடத் தனியாகக் கேட்டதில்லை. கேட்டால் அவர்களை நம்பாததுபோல் ஆகிவிடுமே.

அவள் மூடியைக் கழுவி வாளியை மூடினாள். பிறகு எழுந்து என் எதிரே நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். அவன் சட்டையக் கழத்தச் சொல்லி முதுகப் பாருங்க. வேற ஒண்ணும் கேக்காண்டாம். எங்க மாதா கோயில் சாமியாரு சொல்லியிருக்காவ. காயத்தக் கண்ணால பாத்த வெளியாளு ஒருத்தர் இருந்தா, நாளைக்கே கோவில்பட்டி வக்கீலக் கூட்டிக்கிட்டு மேஜிஸ்ட்ரேட்டுகிட்ட போயிருவாவளாம். நான் சொன்னா எடுபடாதாம். அக்காக்காரி அப்படித்தான சொல்லுவா, அப்படிம்பாங்களாம்."

"பார்க்கிறேன்" என்றேன்.

"கண்டிப்பா பாப்பீயளா?"

"அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்."

இதைவிடச் சரியான வாக்கியத்தை நான் வகுப்பறையில்கூடப் பேசியதில்லை.

தாலுகா ஆபீஸ் வளாகத்தின் மூலையில் இருந்தது சப்ஜெயில். மரியபுஷ்பத்தை வெளிக்கதவோடு நிறுத்திவிட்டார்கள். நான் வாசல் வரை போனேன். அன்று சுண்ணாம்பு வாசனை இல்லை. மூத்திர வாசனை இருந்தது. பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல, ஒரே சீராக. நடுநடுவே ஒரு குரல். மழை நாளில் இங்கே யார் துணி துவைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம்தான். அதன்பிறகு எனக்கு அது என்ன என்று தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இந்தக் கட்டுரையில் எங்கேயும் எழுதமாட்டேன்.

ஏட்டையா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். பருத்த, சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார்! நாளைக்குல்லா வாறதா எழுதியிருந்தீய?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். என்ன சொன்னேன் என்பதையும் கேளுங்கள்.

"மன்னிக்க வேண்டும். பஸ் மாட்டிக்கொண்டது. ஒரு நாள் முந்தி வந்துவிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். எந்த நேரத்திலும் வரலாம் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்தவன், தன் உத்தியோகத்தில் முதல்முறையாகச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

ஏட்டையாவுக்கு உயிர் வந்துவிட்டது. என் காலைப் பார்த்தார்.

"அய்யய்யோ, என்ன சார் இது! முழங்கால் மட்டும் கரிசலு! இப்படியேவா உள்ள போவீய? கைதிப் பயலுவ பாத்தா என்ன நெனப்பானுவ? மொதல்ல கால கழுவுங்க. வெந்நி வைக்கச் சொல்லுதேன். அந்தால காப்பிக் கிளப்புல ஒரு காப்பி. வடை இப்பம்தான் போடுதான். பொறவு சாவகாசமா உள்ள வரலாம்."

நானும் காலைப் பார்த்தேன். உண்மைதான். ஒரு பேராசிரியர் அந்தக் காலோடு எங்கும் நுழைய முடியாது. பின்கட்டில் சத்தம் நின்றிருந்தது. அது நின்றதே, அதுவரை என் வருகை பயன்பட்டதே என்றுகூட நினைத்தேன். மனசாட்சிக்கு எவ்வளவு சிறிய தீனி போதும் பாருங்கள்.

வெந்நீர் பதமாக இருந்தது. ஒரு போலீஸ்காரர் செம்பில் மொண்டு ஊற்றினார். விரலிடுக்கு மண் போக இன்னொரு செம்பு கேட்டு வாங்கினேன். சுத்தமான காலோடு காப்பிக் கிளப்புக்குப் போகும்போது மரியபுஷ்பம் வெளிக்கதவின் அருகே நின்றாள். என்னைக் கண்டதும் வேகமாக வந்தாள்.

"பாத்துட்டீயளா?"

"இன்னும் இல்லை. ஒரு காப்பி குடித்துவிட்டு..."

"ஐயா, காப்பிய அப்புறமா குடிக்கலாம்லா?"

"இதோ, அஞ்சு நிமிஷம்."

கருப்பட்டிக் காப்பி. இந்தச் சீமையின் கருப்பட்டியில் ஒரு லேசான புகை வாசனை உண்டு. கும்பகோணத்துக் காப்பியின் மிதப்பு இதில் இல்லை, ஆனால் தொண்டையில் ஒரு கனம் நிற்கும். உளுந்த வடை மொறுமொறுவென்று இருந்தது. இன்னொன்று சாப்பிட்டேன். ஏட்டையா எதிரே உட்கார்ந்து, நாட்டில் ஒழுக்கம் குறைந்துவருவதைப் பற்றிப் பேசினார். பல இடங்களில் ஒத்துப்போனோம். நடுவில் ஒரு போலீஸ்காரர் வந்து அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகுதான், "போலாமா சார்?" என்றார்.

உள்ளே கைதிகள் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தரை கழுவி ஈரமாக இருந்தது. எப்போதும்போலக் கேட்டேன்:

"யாருக்காவது குறை உண்டா?"

"இல்லய்யா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுபோல அவ்வளவு ஒற்றுமை.

"சூசை யார்?"

கடைசியில் இருந்தவன் எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தலை நனைந்து, வகிடு எடுத்துச் சீவியிருந்தது. மற்றவர்கள் கைதிக்குரிய கந்தலில் இருக்க, அவன் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. தோள் இரண்டு பக்கமும் தொங்கிற்று; அவன் அளவுச் சட்டை அல்ல. கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது.

"நன்றாக இருக்கிறாயா?"

"நல்லா இருக்கேன்யா." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஏட்டையாவைப் பார்த்துச் சொன்னான்.

"சட்டையைக் கழற்று" என்பது இரண்டே சொல். எழுவாய் பயனிலை குழப்பம் எதுவும் இல்லை. தொண்டை வரை வந்தது. வடையும் காப்பியும் வாங்கித் தந்த மனிதர் பக்கத்தில் நிற்கிறார். அவருக்கு எதிரில் அதைச் சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொன்னதுபோல ஆகும். எதையாவது சொல்லியாக வேண்டும். சொன்னேன்:

"சட்டை நன்றாக இருக்கிறது."

ஏட்டையா பலமாகச் சிரித்தார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் கைதிகளும் சிரித்தார்கள். சூசையும் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

பார்வையாளர் குறிப்பில், "குறை ஏதும் இல்லை, எல்லாம் நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மரியபுஷ்பம் காத்திருந்தாள். தூக்குவாளியை இன்னும் யாரும் வாங்கவில்லை.

"முதுகப் பாத்தீயளா?"

"பார்த்தேன். நன்றாக இருக்கிறான். கவலைப்படாதே."

அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். கழுவிய காலை.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. பஸ்ஸை வடம் கட்டி இழுத்துவிட்டார்களாம். எட்டயபுரம் அரண்மனையை நிதானமாகப் பார்த்தேன். பழைய மன்னர்கள் குற்றவாளிகளை எப்படி நடத்தினார்கள் என்று அங்கிருந்த ஒருவரிடம் விசாரித்தேன். கொடுமை சார், கொடுமை என்றார். சரித்திரம் நிறைய முன்னேறியிருப்பதாக இருவரும் தேற்றிக்கொண்டோம். கல்லூரி நண்பர்களுக்கு இரண்டு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அடுத்த பயணத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் சில காலம் அதே வேலையை அதே கார்டோடு செய்தேன். பிறகு ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். கருப்பட்டிக் காப்பியை நிறுத்தினேன். எந்த மருத்துவரும் சொல்லி அல்ல. எண்பதுகளின் நடுவில் அதே ஊர்த் தாலுகா ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகப் பார்வையாளர்களை நியமித்திருக்கிறார்களாம். அனுபவம் மிக்க நான் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டுமாம்.

இம்முறை மழை இல்லை. கோவில்பட்டி விடுதியில் இரண்டு வாளி தந்தார்கள். நாடு முன்னேறியிருந்தது. கூட்டத்தில் மாலை போட்டு, காப்பியும் கொடுத்தார்கள். நான் தொடாமல் எழுந்து நின்று பேசினேன்.

"சொல்லாமல் போங்கள். போனதும் காலைக் கழுவாதீர்கள். அவர்கள் தரும் காப்பியைக் குடிக்காதீர்கள். ஏட்டையாவை வெளியே நிறுத்துங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். தாசில்தார் நன்றி கூறும்போது, "ஐயா பெரிய தமாஷ்காரர்" என்றார். புதுப் பார்வையாளர்களில் ஒரு மளிகைக்கடைக்காரர் என்னைத் தனியாக அழைத்துப் பணிவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, சொல்லாமக் கொள்ளாமப் போயி நிக்கது மரியாதையா இருக்குமா?"

என்னை அப்படியே அச்செடுத்ததுபோல் இருந்தார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பசுவந்தனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கார்டு எழுதிப் போடவில்லை.

மரியபுஷ்பத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டாள்.

"வாங்க. பஸ்ஸு ஒழுங்கா வந்துட்டா?"

உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே சொன்னேன்.

"அன்றைக்கு நான் உன் தம்பியின் முதுகைப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் சொன்னேன்."

"தெரியும்யா." ஒரு வற்றலைப் புரட்டிப் போட்டாள். "பாத்தவிய மொகம் அப்படி இருக்காது."

"தெரிந்துமா சும்மா போனாய்?"

"சும்மா எங்க போனேன்? நேரா கோயில் சாமிகிட்டப் போயி அழுதேன். சாமி பாவம், மறுநாளே வக்கீலக் கூட்டிட்டுப் போனாவ. மேஜிஸ்ட்ரேட்டு என்ன சொன்னாரு தெரியுமா? நேத்துத்தான் பார்வையாளரு, படிச்ச மனுசன், வந்து பாத்துக் கொற இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு, அதுக்கு மேல இவ சொல்லுதத எப்படிக் கேக்கன்னுட்டாரு." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க அந்த ஊருக்கே வராம இருந்திருந்தா வக்கீலு சொன்னது எடுபட்டிருக்கும்யா. அதத்தான் நான் நெனச்சுக்கிடுவேன். மழ பெஞ்சிருக்கக் கூடாது."

நான் பார்க்கத் தவறியதால் ஒரு பலனும் இல்லாமல் போயிற்று என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பலன் இருந்திருக்கிறது. நான்தான் அந்தச் சிறைக்கு அடித்த சுண்ணாம்பு.

அந்த வாரத்திலேயே சூசை ஒப்புக்கொண்டுவிட்டான். தண்டனை முடிந்து வந்தபோது இடது காது கேட்கவில்லை. வலது தோள் ஏறவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் போனால் என்ன மிச்சம்? அடுத்தவர் ஆட்டை மேய்க்கிறான். சற்று நேரத்தில் ஆடுகளைப் பட்டியில் விட்டுவிட்டு அவனே வந்தான். அக்காள் அவன் வலது காதில் சத்தமாகச் சொன்னாள்.

"ஏலே, அன்னைக்கு ஜெயிலுக்கு வந்த காலேஜ் சாரு!"

அவன் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சட்ட நல்லாருக்குன்னாவளே, அவியளா? ஆமா சார், நல்ல சட்டதான். ஏட்டையா மகன் கலியாணத்துக்கு எடுத்ததாம். நீங்க காப்பி குடிக்கையில வீட்டுக்கு ஆளனுப்பி வாங்கியாந்தாவ. நீங்க திரும்பிப் போவையில வாசலக்கூடத் தாண்டல, அதுக்குள்ள 'ஏலே, சட்டையக் கழத்து'ன்னாரு ஏட்டையா. கற பட்டுட்டா மகன் ஏசுவான்லா."

எனக்கு வராத சொற்கள் அவருக்கு எவ்வளவு சுலபமாக வந்திருக்கின்றன.

மரியபுஷ்பம் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கருப்பட்டியின் புகை வாசனை வந்தது. நான் எடுக்கவில்லை.

"குடிங்கய்யா. ஒங்களுக்குன்னு போடல. எல்லாருக்கும் போட்டதுதான்."

"முதலில் முதுகைப் பார்க்கிறேன்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியின் காதருகே குனிந்தாள்.

"ஏலே, முதுகக் காட்டணுமாம். இவிய பாக்கணுமாம்."

"இப்பமா?" சூசை சிரித்தான். "ஆறிப்போச்சே சார். இப்பம் என்ன இருக்கு பாக்க?"

சிரித்தாலும் எழுந்து நின்றான். தோள் ஏறாததால் அவனால் தானாகக் கழற்ற முடியவில்லை. அக்காள்தான் பொத்தானைக் கழற்றி, ஒரு கையை உருவி, சட்டையை இறக்கினாள். நான் அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பார்வையை மறைக்க ஒன்றும் இல்லை. இதைப் போன்ற ஒன்றை வருணிப்பது பயணக் கட்டுரைக்குச் சுவை கூட்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருப்பேன். வருணிக்கப் போவதில்லை.

"பாத்தியளா?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"பார்த்தேன்."

அவள் வற்றலைப் புரட்டப் போய்விட்டாள். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. சூசையும் நகரவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடி, தலை குனிந்து, கையைத் தொடையோடு ஒட்டி, அசையாமல் நின்றுகொண்டிருந்தான். ஏன் இன்னும் நிற்கிறான் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, திரும்பாமலே, மெதுவாகக் கேட்டான்:

"சட்டையப் போட்டுக்கிடலாமா சார்?"